காற்றுப் படாத காயம்

ஜீவராணி சோற்றுத் தூக்குச்சட்டியை வாசல் கல்லில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். காப்புக் கட்டியவனை மனைவி தொடக்கூடாது. அவன் சாப்பிட்டு முடித்ததும் வெறும் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். பத்து நாட்களாக அப்படித்தான் செய்துவருகிறாள். இன்றைக்கு அவளால் அங்கே நிற்கவே முடியவில்லை. காமன் கூத்து ஆடும் பொட்டலை ஒட்டியிருந்த அந்தத் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது.

எலி ஏதும் செத்துக் கிடக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு விஜேந்திரனைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது காலை நீட்டி, அதைத் தப்பு மேளத்துக்குப் பின்னால் மறைத்த மாதிரி வைத்திருந்தான். அவன் நெற்றி வியர்த்திருந்தது. மாசி மாதத்துக் குளிரில் வியர்ப்பதற்கு என்ன இருக்கிறது? நான்கு வாய் சாப்பிட்டுவிட்டுச் சட்டியைத் தள்ளி வைத்தான்.

"என்னங்க, என்ன நாத்தம் இது?"

"சலங்கைத் தோலு. மழையில நனைஞ்சிருச்சி."

அவளைப் பார்க்காமலே சொன்னான். பார்க்காமல் பேசுவது இருவருக்கும் பழகிவிட்டதால் அவள் மேலே கேட்கவில்லை.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கிற அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தில் வருசா வருசம் காமன் கூத்து நடக்கும். இந்த வருசம் காமன் வேசம் கட்டுவது விஜேந்திரன். காப்புக் கட்டிய நாளிலிருந்து காமனை எரிக்கும் நாள் வரைக்கும் பதினாறு நாட்கள். பகலில் வழக்கம்போலத் தோட்ட வேலைக்குப் போகலாம். ஆனால் ஒரு வேளை மட்டும், சைவமாக மரக்கறிச் சோறுதான் சாப்பிட வேண்டும், வீட்டில் தூங்கக்கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டவே கூடாது. காப்போடு ஒருவன் எல்லையைத் தாண்டினால் அவன் கேட்ட வரம் அறுந்துபோகும் என்பது அங்கே எல்லோரும் நம்பும் விசயம்.

அவன் வேசம் கேட்டு வாங்கியபோது காரணத்தை ஜீவராணி விசாரிக்கவில்லை. தனக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். போன ஆடியில், ஐந்தாம் மாதத்தில், அவள் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனது. அதற்குப் பிறகு தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த அந்த லயத்து அறைக்குள் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அரிசி முடிந்தது, விறகு நனைந்தது என்ற அளவில்தான். பதினாறு நாட்கள் வீட்டை விட்டு வெளியே இருக்க அவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கிறது என்று அவள் தீர்மானித்துவிட்டாள். அந்தக் கோபத்தோடுதான் ஒவ்வொரு நாளும் குளித்துச் சமைத்தாள். கோபத்திலும் உப்பைச் சரியாகத்தான் போட்டாள்.

திரும்பும் வழியில் தண்ணீர்ப் பீலியடியில் லெட்சுமி துணி அலசிக்கொண்டிருந்தாள். விஜேந்திரனுடைய பெரியப்பா முருகையாவின் மனைவி அவள். கூத்தை நடத்துபவர் முருகையாதான். லெட்சுமி துணியைப் பிழிந்துகொண்டே, விஜேந்திரனுக்குக் கால் ஆறிவிட்டதா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"எந்தக் காலு?"

லெட்சுமி பிழிவதை நிறுத்தினாள். ஐந்து நாளைக்கு முன்னால் கவ்வாத்து மலையில் நடந்ததைச் சொன்னாள். செடிகளைத் தரையோடு ஒட்ட வெட்டிக்கொண்டு போகும்போது விஜேந்திரன் சறுக்கியிருக்கிறான். சாய்வாக வெட்டப்பட்ட ஒரு தேயிலைக் கட்டை, ஈட்டி மாதிரி, ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு சுண்டு விரலுக்குப் பக்கத்தில் பாதத்துக்குள் ஏறிவிட்டது. இரத்தம் பெரிதாக வரவில்லை. முருகையாவே பிடுங்கி, அந்த இடத்திலேயே மருந்து வைத்துக் கட்டியிருக்கிறார்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன் புள்ள."

"எனக்கு என்ன தெரியும் அத்தை? நான் வாசக்கல்லோட நிக்கிறவ."

சொல்லிவிட்டு அவள் வந்த வழியே திரும்பி ஏறினாள். தூக்குச்சட்டி கையிலேயே இருந்தது.

கொட்டகையில் இப்போது முருகையாவும் இருந்தார். தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தவர், அவள் வாசல் கல்லைத் தாண்டி உள்ளே வருவதைக் கண்டு எழுந்துவிட்டார்.

"தாயி, நில்லு. காப்புக் கட்டினவன்."

அவள் நிற்கவில்லை. விஜேந்திரனின் காலடியில் உட்கார்ந்து, அவன் இழுத்துக்கொள்ள முயன்ற காலைப் பிடித்துவிட்டாள். மேலே சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கியிருந்தது. அதற்குக் கீழே பொலித்தீன் பை. ஆடும்போது சேறும் தண்ணீரும் போகாமலிருக்க முருகையா செய்த ஏற்பாடு அது. அதற்கும் கீழே துணி, துணிக்குக் கீழே கெட்டியாக அப்பிய தேயிலைத் தூள். கவ்வாத்துக்காரர்கள் கத்திப்பட்ட கைக்கு முப்பது வருசமாக வைக்கும் மருந்து அதுதான். ஒருநாளும் தவறாமல் பழைய தூளின் மேலேயே புதுத் தூளை வைத்து அழுத்தியிருந்தார். ஜீவராணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, தூளைத் துடைத்து எடுத்தாள்.

"பாத்தியா, வாய் மூடிருச்சி," என்றார் முருகையா. அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒரு சொட்டு ரத்தம் இல்ல, சீழ் இல்ல."

உண்மைதான். குத்திய இடம் கறுப்புப் பொருக்குத் தட்டி அழகாக மூடியிருந்தது. ஆனால் அதைச் சுற்றிப் பாதம் வீங்கி மினுமினுத்தது. கடைசி இரண்டு விரல்களும் பழுப்பேறிக் கிடந்தன. வீக்கம் கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. அவள் பெருவிரலால் மெதுவாக அழுத்தினாள். தோலுக்கு அடியில் ஏதோ நொறுநொறுத்தது.

ஜீவராணி கல்யாணத்துக்கு முன் இரண்டு வருசம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவள். அளவுக்கு மீறிக் காய்ந்த கொழுந்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் இப்படித்தான் இருக்கும். ஆனால் இது மனிதத் தோல். அழுத்திய இடத்தில் பொருக்கின் ஓரமாகக் கலங்கிய தண்ணீர் கசிந்தது. அந்த வாடை கொட்டகை முழுவதும் நிறைந்தது.

இப்போதே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். விஜேந்திரன் தலையை ஆட்டினான். இன்னும் ஆறு நாள்தானே, அதற்குப் பிறகு போகலாம் என்றான். முருகையாவும், வேண்டுமானால் தோட்ட டிஸ்பென்சரிக்காரரை நாளைக்கு இங்கேயே கூப்பிடலாம், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றார். அவள் இருவருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் விஜேந்திரன்தான் குரலை உயர்த்தினான்.

"என்ன கேட்டு இந்தக் காப்பக் கட்டினேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க சொல்லல."

அவன் தன் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு புள்ளைக்கு. எல்லையத் தாண்டினா அது நமக்கு இல்லாமப் போயிரும் ராணி."

ஏழு மாதமாக அந்த விசயத்தை அவர்கள் இருவரும் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. இப்போது அவன் சொல்லிவிட்டான், அதுவும் பெரியப்பாவை வைத்துக்கொண்டு. பத்து நாட்களாக அந்த வாசலில் எவ்வளவு கோபத்தோடு நின்றிருந்தாள் என்பதை நினைத்தபோது நெஞ்சு வலித்தது. அழுதால் அவன் ஜெயித்துவிடுவான் என்றும் தெரிந்தது. அவள் முருகையாவின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ரதி எப்ப அழுதா? புருசன் சாம்பலானதுக்கு அப்புறந்தானே? நான் அதுக்கு முன்னாடியே வந்து கேக்குறேன்."

எரிந்துபோன காமனுக்காக ரதி அழும் பாட்டை முப்பது வருசமாக முருகையாதான் அந்தப் பொட்டலில் பாடிவருகிறார். அந்த இடம் வரும்போது லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுவார்கள். அவர் குனிந்து, ஜீவராணி அழுத்திய இடத்தைத் தன் விரலாலும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். உடனே கையை எடுத்துவிட்டார். முகம் மாறியது.

ஒரு கற்பூரத்தைக் கொளுத்தினார். விஜேந்திரனின் கையைப் பிடித்து, முடிச்சை மெல்ல அவிழ்த்து, அந்தக் கயிற்றை ஜீவராணியிடம் நீட்டித் தன் மணிக்கட்டைக் காட்டினார்.

"கட்டு தாயி. காப்பு எல்லையத் தாண்டல, இங்கேயேதான் இருக்கு. ஆளு மட்டுந்தான் போறான். கேட்ட வரத்த நான் பாத்துக்கிறேன்."

மூச்சிரைக்கப் பின்னால் ஏறி வந்திருந்த லெட்சுமி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அறுபத்திரெண்டு வயசுக் காமனா?" என்றாள். "ரதி வேசம் கட்டுற பையன்தான் பாவம்." யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லோருக்கும் கைகால் ஓடியது.

ஆம்புலன்ஸ் மேலே ஏறி வரும்வரை காத்திருக்க அவளுக்கு மனமில்லை. பதுளை டவுனிலிருந்து சனங்களை ஏற்றிக்கொண்டு வரும் நௌபரின் ஆட்டோ கடையடியில் நின்றது. இரண்டு பேர் விஜேந்திரனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நௌபர் வாடையை உணர்ந்தாலும் மூக்கைச் சுளிக்கவில்லை. பக்கத்துத் திரையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, காலை ஜீவராணியின் மடியில் நீட்டி வைக்கச் சொன்னார். எல்லைக் கல் வந்தபோது விஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். ஜீவராணி மூடவில்லை.

பதுளையில் அவர்களைப் பார்த்த டாக்டரின் பெயர் ஆரூரன். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயது. அவர் தமிழைப் புரிந்துகொள்ள ஜீவராணிக்கு முதல் இரண்டு நிமிடம் பிடித்தது. காலைப் பார்த்தார், அழுத்தினார், உடனே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்து அவளுக்கே காட்டினார். எலும்பைச் சுற்றிச் சதை இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கறுப்புக் குமிழ்கள்.

"இது வாயு. கிருமி உள்ளுக்கு இருந்து உண்டாக்கினது. எத்தினை நாளாச்சுது?"

"அஞ்சு நாளுங்க. மேல வாய் மூடிருச்சி, அதனால ஆறிருச்சின்னு நெனச்சாங்க."

"அதுதான் பிழையாப் போச்சு, அம்மா. காத்துப் பட்டால் வளர ஏலாத கிருமி சிலது இருக்கு. மண்ணிலையும் சாணியிலையும் சும்மா கிடக்கும். ஆழமான துவாரத்துக்குள்ள போய், மேலையும் நல்லா மூடிவிட்டால் அதுகளுக்கு வேற என்ன வேணும்?"

கடைசியாக ஏற்பு வராமலிருக்கப் போடும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் போட்டதாக விஜேந்திரனுக்கு ஞாபகம். அந்த ஊசியை உடனே போட்டார்கள், கையில் சேலைன் ஏற்றினார்கள், அதோடு மருந்தும் போனது. மருந்து மட்டும் போதாது என்றார் டாக்டர். செத்த சதைக்கு இரத்தம் ஓடாது, இரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்தும் போய்ச் சேராது. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து, செத்ததை எல்லாம் வெட்டி எடுக்க வேண்டும். விரல்களோடு நிற்குமா, கணுக்காலுக்கு மேலே போகுமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு அவள் கையெழுத்து வேண்டும்.

அவள் கையெழுத்துப் போட்டாள். தள்ளுவண்டியில் கிடந்த விஜேந்திரன், டாக்டர் காலைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம். அவள் எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்தான். பத்து நாளுக்குப் பிறகு என்று நினைத்தவள், இல்லை, ஏழு மாதத்துக்குப் பிறகு என்று திருத்திக்கொண்டாள்.

தியேட்டருக்கு வெளியே நீலப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் யாரையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டுவதற்குத்தான் மேலே தோட்டத்தில் ஒருவர் காப்புக் கட்டியிருக்கிறாரே. விஜேந்திரனின் பாதத்தைப் பற்றி மட்டும் யோசித்தாள். அந்தக் கால்களால்தான், கல்யாணத்துக்கு முன், கொஸ்லந்தையில் இருந்த அவள் அம்மா வீட்டுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். நாலாவது ஞாயிறு அவளே வாசலில் நின்று, பேச வந்தீங்களா தேத்தண்ணி குடிக்க வந்தீங்களா என்று கேட்டாள். அப்போதும் அவளாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

கதவு திறந்து டாக்டர் வந்தார். கடைசி இரண்டு விரல்களும் போய்விட்டன. ஆனால் உள்ளே இருந்த தசை உயிரோடு இருந்தது, கால் தப்பியது. நாளைக்கு ஒருமுறை மறுபடி கட்டைத் திறந்து பார்ப்போம் என்றார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

வார்டில் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது ஒரே விசயம்தான். வெட்டிய இடத்தைத் தைக்கவில்லை. பாதத்தின் ஓரம் ஒரு பெரிய வாய் மாதிரித் திறந்தே கிடந்தது. நர்ஸ் மிஸ் தினமும் கழுவி, உள்ளே மெல்லிய துணியைத் தளர்வாக வைத்து, லேசாகச் சுற்றுவார். தையல் மறந்துவிட்டார்களோ என்று அவள் பயந்து கேட்டபோது, முழுக்கச் சுத்தமாகும்வரை மூடக்கூடாது, மூடினால் மறுபடி அதே கதைதான் என்று நர்ஸ் விளக்கினார். கழுவும்போது விஜேந்திரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். ஜீவராணி பார்ப்பாள். சாம்பல் நிறத்திலிருந்த சதை நாளுக்கு நாள் சிவந்து வருவதை அவள்தான் அவனுக்குச் சொல்வாள்.

எட்டாம் நாள் முருகையா வந்தார். காமனை எரித்து முடித்த மறுநாள் அது. அவரும் நொண்டிக்கொண்டுதான் வந்தார். ஆட்டத்துக்கு நடுவில் மூன்று தடவை உட்கார்ந்ததையும், ரதி வேசக்காரப் பையன் கைகொடுத்துத் தூக்கிவிட்டதையும், எரிக்கும்போது லெட்சுமி எல்லோரையும்விடச் சத்தமாக அழுததையும் சொன்னார்.

"உங்க முழங்காலுக்கு விடுதலைன்னு பெரியம்மா அழுதிருப்பாங்க," என்றான் விஜேந்திரன்.

பெரியவர் சிரித்தார். நர்ஸ் கட்டை அவிழ்த்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. விரல்கள் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தானே வச்சிக் கட்டினேன். என் கையாலதானே மூடினேன்."

அப்போது ஆரூரன் டாக்டர் அங்கே வந்தார். அவர் முருகையாவை ஒன்றும் குறை சொல்லவில்லை. கையில் கத்தி கீறிய காயத்தில் இரத்தத்தை நிறுத்த இறுக்கிப் பிடிப்பீர்கள், அது பிழையில்லை, வெட்டு வேறு, குத்து வேறு என்று பொறுமையாகச் சொன்னார். குத்தின காயத்தில் வாய் சின்னது, ஆழம் பெரிது. ஓடுகிற நல்ல தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, மேலே எதையும் அப்பாமல், சுத்தமான துணியால் தளர்வாகச் சுற்றிக்கொண்டு அன்றைக்கே வர வேண்டும். உள்ளே முறிந்த குச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஊசி போட வேண்டும். முருகையா கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் போன பிறகு மெதுவாகச் சொன்னார். கவ்வாத்துக் கொட்டகையில் தேயிலைத் தூள் டின் ஒன்று எப்போதும் தொங்கும். அதை அவர் போன வாரமே கழற்றி ஓடையில் கொட்டிவிட்டாராம். டிஸ்பென்சரிக்காரர் சொன்னபடி அந்த ஆணியில் இப்போது ஒரு சவர்க்காரக் கட்டியைக் கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்டிருக்கிறார். கவ்வாத்து மலைக்குப் பூட்ஸ் இல்லாமல் ஆளை இறக்கமாட்டோம் என்று தோட்டத்தை நடத்தும் துரையிடமும் போய்ச் சொல்லியாயிற்று.

"நல்லவேளை நீ வாசக்கல்லத் தாண்டின, தாயி," என்று சொல்லிவிட்டு, எழும்போது மறக்காமல் மணிக்கட்டைக் காட்டினார். காப்பு இல்லை. முறைப்படி ஆற்றில் விட்டுவிட்டதாகவும், கேட்டதை ஞாபகமாகக் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் டாக்டர் காயத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, நாளைக்குத் தையல் போட்டு மூடலாம், இரண்டு வாரத்தில் ஊன்றி நடக்கலாம் என்றார். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் விஜேந்திரன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கித் தன் பாதத்தைப் பார்த்தான்.

"இத்தன நாளும் இப்படித் தெறந்தேவா இருந்திச்சி?"

"ஆமா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நர்ஸ் துணி எடுக்கப் போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நமுனுகுல மலையின் உச்சியில் மேகம் கலைந்திருந்தது. அவன் பாதத்தைப் பார்த்தபடியே பேசினான்.

"நான் அந்தப் புள்ளைக்கு ஒரு பேரு வச்சிருந்தேன் ராணி. யாருக்கும் சொல்லல."

"என்ன பேரு?"

"கவின்."

ஜீவராணி போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். சரிசெய்ய அதில் ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை தங்காமல் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளிடம் மட்டும் சொன்ன ஒரு விசயம் இருந்தது. அவனுக்கு இன்னும் வலிக்கும் என்று நினைத்து, ஏழு மாதமாக அவள் அதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"அது பொம்பளப் புள்ளங்க," என்றாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண் நிறைந்து வழிந்தது. அவள் துடைக்கப் போகவில்லை, அவனும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. பிறகு கட்டிலில் மெல்ல நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டான்.

"அப்ப அந்தப் பேரு சரியா வராதே," என்றான். "நீ என்ன வச்சிருந்த, சொல்லு."

கட்டுத்துணித் தட்டோடு திரும்பி வந்த நர்ஸ், கட்டிலில் உட்காரக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தார். இருவரையும் பார்த்துவிட்டு, முதலில் எதிர்க் கட்டிலுக்குப் போனார்.